பின்னறையில் அக்காவின் குடித்தனம்

எங்கள் வீட்டுப் பின்னறையில் அக்காவின் குடும்பம் குடியிருக்கிறது. அக்கா இல்லை. அண்டா, அலுமாரி, மெத்தை, தகரப் பெட்டிகள், கம்பளிகள் மட்டும். அக்கா இருப்பது பூனாகலைப் பக்கம் மூடிக் கிடக்கும் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில். தோட்டத்தில் தொழிற்சாலையை ஸ்டோர் என்பார்கள். ஆக, சாமான்கள் பதுளையில் வீட்டில் இருக்கின்றன, மனுஷி ஸ்டோரில் இருக்கிறார். இதைச் சரிசெய்ய வேண்டிய காரியாலயம் எது என்று எனக்குத் தெரியும். அங்கே எந்த மேசைக்குப் போக வேண்டும், அந்த மேசைக்காரர் எந்தக் கிழமையில் வெளிவேலைக்குப் போய்விடுவார் என்பதும் தெரியும். தெரிந்து என்ன?

நான் அரசாங்க லிகிதராகச் சேர்ந்து நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவன். நெடுங்காலம் களஞ்சியம் என் பொறுப்பில் இருந்தது. வருட முடிவில் ஒரு குழு வந்து களஞ்சியத்துப் பொருள்களைப் பார்வையிடும். உடைந்தது, துருப்பிடித்தது, காணாமல் போனது எல்லாவற்றுக்கும் காரணம் கேட்கும். எலி கடித்ததற்கு மட்டும் கேட்காது. 'எலி கடித்துப் பாவனைக்கு உதவாதது' என்று எழுதினால் திரைச்சீலையும் கணக்கிலிருந்து கழியும், கோப்பும் கழியும். எனக்கு முன்னிருந்தவர் காலத்தில் ஓர் இரும்பு மேசைகூட அந்தக் காரணத்தில் கழிந்திருக்கிறது. எலிகளின் திறமையில் அரசாங்கத்துக்கு அவ்வளவு நம்பிக்கை.

அப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்த்தவனிடம்தான் அக்காவின் சாமான்கள் வந்து சேர்ந்தன.

ஐப்பசி மழை விடாமல் கொட்டிய ஒரு வருடம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பை லயம் என்பார்கள். அக்கா இருந்த லயத்துக்குப் பின்னாலிருந்த மலையில் வெடிப்பு விழுந்தது. ஆய்வு செய்ய ஆட்கள் வந்தார்கள், வெடிப்பில் குச்சி விட்டுப் பார்த்தார்கள், சிவப்பு எழுத்தில் பலகை நட்டார்கள். லயத்தில் இருந்த அத்தனை குடும்பங்களையும் பழைய ஸ்டோரின் மேல்மாடிக்கு ஏற்றினார்கள். முன்பு கொழுந்து வாட்டிய தளம் அது. நடுவில் பலகையும் சாக்கும் கட்டிப் பிரித்துக் குடும்பத்துக்கு ஒரு துண்டு இடம். பாய் விரிக்கலாம், பானை வைக்கலாம். அலுமாரி வைத்தால் பாய் விரிக்க முடியாது.

லொறி எங்கள் வாசலில் வந்து நின்றபோது அக்கா முன் சீட்டிலிருந்து இறங்கினார். கையில் சாமிப் படம்.

"மூணு மாசந்தானாம் தம்பி."

"யாரு சொன்னது?"

"ஜீப்புல வந்த ஐயா."

"எழுதிக் குடுத்தாரா?"

"வாயால சொன்னாரு. எழுதுனா மட்டும் என்ன, உன்னைய மாதிரி ஒருத்தன் வாங்கிக் கட்டி வைக்கப் போறான்."

'தற்காலிகம்' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லை நான் உத்தியோகத்தில் நிறையக் கண்டிருக்கிறேன். எங்கள் காரியாலயத்தில் தற்காலிகமாகப் போட்ட தகரக் கொட்டகையில்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். பிரியாவிடை விருந்தும் அதே கொட்டகையில்தான் வைத்தார்கள். அக்காவிடம் அதைச் சொல்லவில்லை.

அக்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த லயத்துக் காம்பராவில்தான் இருந்தார். காம்பரா என்றால் ஒற்றை அறை, முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு சின்னத் திண்ணை, பின்னால் புகையடித்த அடுப்படி. அத்தான் காலமாகிவிட்டார். ஒரே மகன் கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறான், தீபாவளிக்கு வருவான். கொழுந்தெடுத்த காலமெல்லாம் அக்கா ஒவ்வொன்றாகச் சேர்த்த சாமான்கள் அவை. பித்தளை அண்டா, மூடி போட்ட எவர்சில்வர் தூக்குகள், இரும்பு அலுமாரி, தொலைக்காட்சிப் பெட்டி, பிளாஸ்டிக் உறை கழற்றாத ஒரு மெத்தை. பெரிய தகரப் பெட்டி நிறையப் புதுக் கம்பளிகள். தோட்டத்தில் கிடைத்த கம்பளிகளில் நல்லதை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, குளிர்காலம் முழுவதும் ஓட்டைக் கம்பளியில் படுத்தவர் அவர். ஏன் என்று கேட்டால், "வீடுன்னு ஒண்ணு வந்தா அதுக்கு வேணும்ல?" என்பார். காம்பராவை அக்கா ஒருநாளும் வீடு என்று சொன்னதில்லை.

அன்றைக்கும் சாமானை இறக்கி முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"இந்தச் சாமானோடதான் தம்பி புது வீட்டுக்குள்ள போவேன். இந்த அண்டாவுலதான் தண்ணி. இந்தக் கம்பளியிலதான் படுக்கை. மகன் சொல்றான், எல்லாத்தையும் வித்துட்டுப் புதுசு வாங்குவோம்னு. அவனுக்கு என்ன, துணிக்கடை புத்தி. நீ பத்திரமா வச்சிரு. அது போதும்."

வைக்கிறேன் என்றேன். பத்திரமாக வைப்பதுதானே எனக்குத் தெரிந்த ஒரே தொழில்.

பின்னறையைக் காலி செய்தேன். களஞ்சியப் பொருளைத் தரையில் வைக்கக் கூடாது என்பதால் கல் அடுக்கிப் பலகை போட்டேன். சுவரோடு ஒட்டாமல் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்க இடம் விட்டேன். சுவர் ஓட்டைகளில் பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளைத் திணித்து மேலே சீமெந்து பூசினேன். கம்பியை எலி கடிக்காது, பல் கூசும். ஜன்னலுக்குக் கம்பி வலை. கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த சந்துக்குத் தகரம் வெட்டி ஆணியால் பொருத்தினேன். மூலைக்கு மூலை பாச்சை உருண்டை. கடைசியாக ஒரு விதி வைத்தேன்: பொருளுக்கு உரியவர் முன்னிலையில் இல்லாமல் எந்தப் பெட்டியையும், எந்தப் பாத்திரத்தையும் திறப்பதில்லை. களஞ்சியத்தில் ஏற்படும் தொல்லைகளில் பாதி, ஆளில்லாமல் திறப்பதால் வருபவை.

நான் தகரத்துக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே அக்காவும் என் மனைவியும் ஏனங்களை அடுக்கினார்கள். ஏதோ குசுகுசுவென்று பேச்சு, ஒரு சிரிப்பு. ஏனம் அடுக்குவதில் நமக்கென்ன என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

மனைவி வெளியே வந்து தகரத்தைப் பார்த்தாள். "என்னங்க, அக்கா சாமானுக்கா, இல்ல கொழும்பு வங்கிக்கா?"

"சிரி. எலி வந்தா அப்ப தெரியும்."

"இதுக்குள்ள எலி வரணும்னா அதுவும் உங்ககிட்ட மனு எழுதிக் கேக்கணும்."

முதல் வருடம் எலி வரவில்லை. அதற்குப் பிறகு, ஒரு தை மாதம் கழிந்து, தகரத்தைக் கழற்றி உள்ளே போய்ப் பார்த்தபோது அலுமாரியின் தலையில் கறுப்பாகச் சிந்திக் கிடந்தது. மனைவியைக் கூப்பிட்டேன். "கருஞ்சீரகம் மாதிரி இருக்கு," என்றாள். இருந்தது. ஆனால் அது கருஞ்சீரகம் இல்லை. சுண்டெலிப் புழுக்கை.

கடைவீதியில் எனக்கு வேண்டிய இரும்புக்கடை முதலாளி ஒருவர் இருக்கிறார். அவருடைய தாத்தா இந்தியாவிலிருந்து வந்து போட்ட கடை. நெற்றி நிறைய விபூதி, கல்லாவுக்கு மேலே பெரிய பிள்ளையார் படம். அந்தப் படத்துக்கு நேர் கீழேதான் எலி மருந்துப் பெட்டிகளை அடுக்கியிருந்தார். படத்தில் பிள்ளையாரின் காலடியில் இருந்த எலியை நான் பார்த்தேன். முதலாளி என்னைப் பார்த்தார்.

"அவரு வாகனத்துக்கு இல்ல சேர். இது மத்த எலிக்கு."

அன்றைக்குப் பொறி வாங்கினேன். கருவாட்டுத் துண்டு வைத்தேன். எலி தொடவில்லை. தேங்காய்ச் சில்லை வாட்டி வைத்தேன். அது வாடிக் கறுத்ததுதான் மிச்சம். பசை அட்டை வாங்கி வைத்தேன், அதில் என் செருப்பு ஒட்டிக்கொண்டது. மருந்து உருண்டைகளை வைத்தேன், வைத்தது வைத்தபடி இருந்தது. பக்கத்து வீட்டுப் பூனையை இரவல் வாங்கி உள்ளே விட்டேன். அது மெத்தையின் பிளாஸ்டிக் உறைமேல் ஏறி நன்றாகத் தூங்கியது. பூனைக்கு மெத்தையும் அக்காவுக்குப் பாயுமாக ஆகிவிட்டதே என்று விரட்டிவிட்டேன். புழுக்கை மட்டும் குறையவில்லை. சுவரை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். என் சீமெந்து ஓரிடத்திலும் விரியவில்லை. கம்பி வலை வலையாகவே இருந்தது.

முதலாளி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். ஒருநாள் சொன்னார்:

"சேர், பசிக்கிற எலிதான் பொறிக்கு வரும். இது பசியில்லாத எலி. வேற எங்கயோ நல்லாச் சாப்புடுது."

"அந்த அறையில சாப்புடறதுக்கு ஒண்ணுமில்ல முதலாளி. சாமான்தான்."

"அப்ப அடுப்படியைப் பாருங்க."

வீட்டுக்கு வந்து அடுப்படியைப் பார்த்தேன். அரிசி வாளியின் மூடியை அழுத்தினேன். மாவு டப்பாக்களை வரிசையாக எடுத்து அடியில் பார்த்தேன். மனைவி அகப்பையோடு பின்னால் வந்து நின்றாள்.

"என்ன தேடுறீங்க?"

"எலிக்கு எங்கிருந்தோ தீனி கிடைக்குது."

"என் அடுப்படில இருந்துன்னு சொல்றீங்களா?"

"சொல்லல. பாக்குறேன்."

"நல்லாப் பாருங்க. பாத்துட்டு அறிக்கை எழுதுங்க." இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இதற்கிடையில் அக்காவின் வீட்டு விஷயமும் நடந்துகொண்டிருந்தது. அதாவது, எங்கோ போய்க்கொண்டிருந்தது. முதலில் ஒரு நிலம் காட்டினார்கள். தோட்டத்து எல்லைக்குள் வருகிறது, மேலிடத்துச் சம்மதம் வேண்டும் என்றார்கள். சம்மதம் கேட்டவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்றார். அது முறைதான், நானும் மாற்றலாகி வந்த இடங்களில் அப்படித்தான் செய்திருக்கிறேன். அக்காவுக்காக நான் எழுதிய கடிதங்களில் ஒரு பிழை காண முடியாது. எந்தச் சுற்றறிக்கை, எந்தப் பந்தி, யாருக்குப் பிரதி எல்லாம் இருக்கும். எல்லாவற்றுக்கும் பதிலும் வந்தது. தங்கள் கடிதம் கிடைத்தது என்று பதில். கிடைத்ததில் எனக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அக்கா போனில் பேசும்போதெல்லாம் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தைதான் கேட்பார். பிறகு சாமானைப் பற்றிக் கேட்பார்.

"அண்டா நல்லாருக்கா?"

"இருக்கு அக்கா."

"கம்பளில பூச்சி கீச்சி?"

"பாச்சை உருண்டை போட்டிருக்கேன்."

"அப்ப சரி. இங்க ராவெல்லாம் கூரைல காத்து. பக்கத்துச் சாக்குக்காரி பிள்ளை இருமிக்கிட்டே கெடக்கு."

போன ஐப்பசியில் அக்கா பதுளைக்கு வந்தார். கண்ணில் சதை வளர்ந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் வரச் சொல்லியிருந்தார்கள். அந்த வேலை முடிந்து, மத்தியானம் எங்கள் வீட்டுக்கு ஒரு பை மரவள்ளிக் கிழங்கோடு வந்தார். முன்பைவிடச் சிறுத்துப் போயிருந்தார். மனைவி பால் சேர்க்காத தேயிலைச் சாயத்தண்ணி கொடுத்தாள். பாதி குடித்துவிட்டு, பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரி சொன்னார்:

"போன வாரம் மண்ணு பாக்குறவங்க திரும்ப வந்தாங்க தம்பி. ரெண்டாவதா ஒரு நெலம் பாத்தாங்கள்ல, பைப்பு விட்டுத் தோண்டிப் பாத்தாங்களாம். அங்கயும் மண்ணு ஆடுதாம்."

"அப்ப?"

"அப்ப என்ன. வேற எடம் பாக்கணுமாம். அது வரைக்கும் ஸ்டோர்ல இருக்கச் சொன்னாங்க. ஸ்டோருக்குக் கீழயும் மண்ணுதான்னு சொன்னேன். ஒரு ஐயா சிரிச்சாரு."

என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரியும். மேன்முறையீடு செய்யலாம். அதற்குப் பதில் வரும். இதைச் சொல்ல வாய் எடுத்து, கிழங்கு நன்றாக இருக்கிறது என்றேன்.

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "வந்தது வந்தேன். சாமானை ஒருக்காப் பாத்துட்டுப் போறேன்."

பொருளுக்கு உரியவர் முன்னிலையில் இருந்தார். திறக்காமல் இருக்க என்னிடம் விதி எதுவும் மிச்சமில்லை. ஆணிகளைக் கழற்றித் தகரத்தை எடுத்தேன்.

கதவு திறந்ததும் மூக்கில் ஏறியது. பாச்சை உருண்டைக்கு அடியில் இன்னொரு வாடை. தொலைக்காட்சிப் பெட்டியின் வயர் உள்ளே செம்பு தெரியக் கடிபட்டிருந்தது. மெத்தையின் உறை ஒரு மூலையில் கிழிந்து, உள்ளிருந்த பஞ்சு பலகை மேல் உதிர்ந்து கிடந்தது. அக்கா அதைத் தாண்டிப் போய்க் கம்பளிப் பெட்டியின் முன்னால் குந்தினார். மூடியின் கீல் பக்கம் துருப்பிடித்து ஒரு மூலை தின்றுபோயிருந்தது. நான் சுவரைத்தான் பார்த்திருக்கிறேன். பெட்டியின் பின்பக்கத்தை ஒருநாளும் பார்க்கவில்லை.

அக்கா மூடியைத் தூக்கினார். மேலே இருந்த கம்பளி வெளிப்பார்வைக்கு முழுசாக இருந்தது. அதை எடுத்ததும் கையோடு இரண்டாக வந்தது. அதற்குக் கீழே கிண்ணம் மாதிரி ஒரு குழி. கம்பளி நூலைப் பிரித்துப் பிரித்து, அவ்வளவு மெதுவாக, அவ்வளவு வட்டமாகச் செய்திருந்தது. குழிக்குள் விரல்நுனி அளவில் சிவப்பாக, கண் திறக்காத குஞ்சுகள் நெளிந்தன. தாய் எங்கோ ஓடிவிட்டது.

மனைவி "ஐயோ" என்று வாயைப் பொத்தினாள். அக்கா குனிந்து கிட்டத்தில் பார்த்தார்.

"எலிக்காச்சும் வீடு கெடச்சிச்சே," என்றார். "செவுரு, கூரை, புதுக் கம்பளி. ஒருத்தரும் வந்து மண்ணைத் தோண்டிப் பாக்கல."

குழியின் ஓரத்தில் ஒரு மஞ்சள் துணி கிடந்தது. முடிச்சுப் போட்ட துணி, முடிச்சு அவிழாமல் பக்கத்தில் ஓட்டை விழுந்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு துண்டு மஞ்சளும் அரிசி நொய்யும் இருந்தன. அப்போதுதான் எனக்கு ஏதோ உறைத்தது. அண்டாவின் மேல் இருந்த தட்டை நகர்த்தினேன். அடியில் அரிசி. தூக்குகளைத் திறந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி அரிசி. அலுமாரியின் தட்டில் ஒரு கிண்ணம் அரிசி, ஓரத்தில் புழுக்கை.

"இது என்ன அக்கா?"

"அரிசி."

"அது தெரியுது. இங்க எதுக்கு?"

"என்ன தம்பி கேள்வி இது? குடித்தனச் சாமானை வெறுமனே வச்சுட்டுப் போவாங்களா? ஏனம் வெறும் ஏனமா இருந்தா வீடு வெளங்குமா? அன்னைக்கே போட்டேன், உன் பொண்டாட்டிதான் எடுத்துக் குடுத்தா."

என் கையில் இருந்த அரிசியைப் பார்த்தேன். வெள்ளையாக, பூச்சி இல்லாமல் இருந்தது. இத்தனை வருடத்து அரிசி இப்படி இருக்காது. களஞ்சியத்தில் இருந்தவனுக்கு இதைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாமல் போகாது. மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஜன்னல் வலையைப் பார்த்தாள்.

"இது புது அரிசி," என்றேன்.

"பொங்கலுக்குப் பொங்கல் மாத்துவேன். அக்கா சொல்லியிருந்தாங்க."

"ஒவ்வொரு பொங்கலுக்குமா?"

"நீங்க கோயிலுக்குப் போற நேரம். தகரத்தைக் கழட்டுவேன், அரிசியை மாத்துவேன். திரும்ப மாட்டும்போது அந்தக் கடைசி ஆணி மட்டும் எனக்கு நல்லா ஏறாது, ஓரத்துல சந்து நிக்கும். முட்டி போட்டு உக்கார முடியல. நீங்கதான் அடுத்த தடவை வந்து சரியா அடிச்சிருவீங்களே."

"நான் அடுப்படியில தேடுனப்பவே சொல்லியிருக்கலாமே."

"அடுப்படில எலி இருக்கான்னுதானே பாத்தீங்க? அங்க இல்லையே." பிறகு, குரலைத் தாழ்த்தி, "எலி திங்குதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? ஒவ்வொரு வருசமும் கொறையுது. சாமி எடுத்துக்குதுன்னு நெனச்சேன்."

அக்கா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்காமல் போனது எனக்குப் பயமாக இருந்தது. நான் குப்பை அள்ளும் முறத்தை எடுத்து வந்தேன். குஞ்சுகளைக் கூட்டோடு அள்ளி, பின்பக்கம் மழைநீர்க் கான் ஓடும் இடத்துக்குக் கொண்டுபோனேன். மழைத் தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது எங்கே கொட்டினேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அக்கா கம்பளிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினார். ஓட்டை, ஓட்டை, ஓட்டை. உத்தியோகத்தில் என்றால் நான் ஒரே வரியில் எழுதி முடித்திருப்பேன். அக்கா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது எந்த வருடம் கிடைத்தது, அன்றைக்கு எந்தக் கங்காணி என்று சொல்லிச் சொல்லி ஒதுக்கினார். அடியில் ஒன்று மட்டும் முழுசாக இருந்தது. நீலக் கரை போட்ட கம்பளி. எடுத்து மடியில் வைத்துத் தடவினார்.

"இதையாவது கொண்டு போங்க அக்கா. அங்க குளிரு. பாயில கெடக்குறீங்க."

"அங்க எதுக்கு தம்பி இது?" என்றார். "அது தற்காலிகந்தானே."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏனங்களைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள். மழை கொஞ்சம் விட்டிருந்தது. அண்டாவும் தூக்குகளும் முற்றத்தில் வரிசையாகக் கவிழ்ந்தன.

நான் அக்காவுக்கு எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். அரிசி இருக்கும் வரைக்கும் எலி வரும், பொறிக்கும் வராது, மருந்துக்கும் வராது, எவ்வளவு சீமெந்து பூசினாலும் வரும். அரிசியை மட்டும் விட்டுவிட்டால் மிச்ச சாமானையாவது காப்பாற்றிவிடலாம். நான் பொறுப்பு. இதையெல்லாம் காரண காரியத்தோடு சொன்னேன்.

அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். நீலக் கரைக் கம்பளியை நாலாக மடித்தார்.

"அரிசி போடலைன்னா எலி வராதுன்ற."

"வராது."

"அரிசியும் இல்லாம, ஆளும் இல்லாம, பூட்டுன அறையில கெடக்குற சாமானுக்கு என்னா பேரு தம்பி? நீதான் படிச்சவன், சொல்லு."

அதற்குப் பெயர் எனக்குத் தெரியும். எத்தனையோ தடவை என் கையால் எழுதியிருக்கிறேன்.

"பழைய சாமான்," அக்காவே சொன்னார். "நாளைக்கே பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுத் தூக்கிக் குடுத்துரலாம். உனக்கு அறையாச்சும் மிச்சம். ஒரு பிடி அரிசி கெடந்தாத்தான் அது குடித்தனம். எனக்கு வேற என்னா இருக்கு அங்க, குடித்தனம்னு சொல்ல?"

கழுவிய ஏனங்களைத் துடைத்துக்கொண்டே மனைவி சொன்னாள், வாளியில் இருப்பது நேற்றுச் சமையலுக்கு எடுத்தது போக மீந்த அரிசிதான், சமைக்க அள்ளிய மிச்சத்தைப் போடக் கூடாது, புதிதாக வாங்கி வர வேண்டும் என்று. யாருக்குச் சொன்னாள் என்பது தெளிவாகத்தான் இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பலசரக்குக் கடையில் சம்பா அரிசி வாங்கினேன். வரும் வழியில் இரும்புக்கடை. ஆணி வேண்டும், பெட்டியின் மூலையை அடைக்கத் தகரத் துண்டும் வேண்டும். முதலாளி என் கையில் இருந்த பையை எட்டிப் பார்த்தார்.

"அரிசி எதுக்கு சேர்? எலிக்கா?"

"ஆமா."

"மருந்து கலக்கவா? நான் வேற தர்றேன், இது அரிசியோட நல்லாச் சேரும்."

"இல்ல முதலாளி. சும்மாதான் வைக்கப் போறேன்."

அவர் பிள்ளையார் படத்தை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். ஆணியை நிறுக்காமலே கடதாசியில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டில் எல்லாவற்றையும் பலகை மேல் திரும்ப அடுக்கியிருந்தார்கள். அக்கா அண்டாவில் முதல் பிடி போட்டார். தூக்குகளில் போட்டார். மஞ்சள் துணி ஒன்று கிழித்து முடிந்து, நீலக் கரைக் கம்பளியின் மடிப்புக்குள் வைத்தார். நான் பெட்டியின் மூலைக்குத் தகரம் வைத்து அடித்தேன். உள்ளே அரிசியை வைத்துவிட்டு வெளியே தகரம் அடிப்பதன் பொருத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கதவைச் சாத்தி, முட்டி போட்டு உட்கார்ந்து, கடைசி ஆணி வரை நானே ஏற்றினேன்.

பஸ் நிலையத்தில் பண்டாரவளை பஸ் புறப்படக் காத்திருந்தபோது அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"பொங்கலுக்கு அரிசி மாத்தணும். மறந்துறாத. அவளுக்கு முட்டி வலி, நீயே மாத்து."

"சரி அக்கா."

"ஆணியைக் கழட்டிட்டுத் திரும்ப அடிக்கணும்."

"அது எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியாதது என்னா இருக்கு," என்றார். பஸ் நகர்ந்தது.

அடுத்த நிலம் இன்னும் பார்க்கவில்லை. பார்ப்பவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்று கேள்வி. இந்தப் பொங்கலுக்குக் கோயிலுக்குப் போவதற்கு முன்னால் நானே தகரத்தைக் கழற்றி உள்ளே போனேன். அண்டாவில் போட்டதில் பாதிதான் இருந்தது. புழுக்கையை ஊதிவிட்டு, பழையதை அள்ளி, புது அரிசி போட்டேன்.